ஃப்ரிட்ஜின் வெப்பநிலை சென்சார் பழுதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்றதும் கேஸ் போய்விட்டது என்கிறோம், கம்ப்ரசர் போய்விட்டது என்கிறோம். அதுவும் இல்லையென்றால் போர்டை (ஃப்ரிட்ஜைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையை) மாற்றச் சொல்கிறார்கள். விரல் நுனியில் அடங்கிவிடும் ஒரு சென்சார் தவறான அளவு சொல்வதாலேயே இத்தனையும் நடக்கலாம். அதை வீட்டிலேயே, ஒரு மல்டிமீட்டரும் ஒரு டம்ளர் ஐஸும் வைத்துச் சோதித்துவிட முடியும். சோதிக்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்பதற்காகவே இந்தப் பக்கம்.

இந்த சென்சார் எப்படி வேலை செய்கிறது?

பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் இருப்பது என்டிசி வகைத் தெர்மிஸ்டர். இரண்டு வயர், நுனியில் பிளாஸ்டிக்கோ எபாக்சியோ பூசிய ஒரு சின்ன மணி, அவ்வளவுதான். குளிர்ந்தால் அதன் மின்தடை ஏறும், சூடானால் இறங்கும். போர்டு அந்தத் தடையை அளந்து, தன்னிடம் உள்ள கணக்கை வைத்து "உள்ளே இத்தனை டிகிரி" என்று முடிவு செய்கிறது. கம்ப்ரசர் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தே நடக்கிறது. போர்டுக்கு வேறு கண் கிடையாது. சென்சார் சொல்வதுதான் அதற்கு உண்மை.

ஒரே ஒரு சென்சார்தானா?

இல்லை. கீழ்ப்பெட்டியில் ஒன்று, ஃப்ரீசரில் ஒன்று, கூலிங் காயிலோடு ஒட்டியபடி டிஃப்ராஸ்டுக்கு (படிந்த பனியை உருக்குவதற்கு) ஒன்று என்று குறைந்தது மூன்று வழக்கமாக இருக்கும். சில மாடல்களில் வெளி வெப்பத்தை அறிய மேல் கீல் மூடிக்குள்ளோ டிஸ்ப்ளே அருகிலோ இன்னொன்று வைத்திருப்பார்கள். பெட்டிக்குள் இருப்பவை பக்கவாட்டிலோ பின் சுவரிலோ, சிறு துளைகள் கொண்ட பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். அந்த மூடியை ஒட்டிப் பாத்திரத்தை வைத்து அடைத்தாலே அளவு தவறிவிடும். கழற்றிப் பார்க்கும் முன் முதலில் அதை நகர்த்திப் பாருங்கள்.

என் ஃப்ரிட்ஜில் திருகும் குமிழ்தான் இருக்கிறது. அதிலும் சென்சார் உண்டா?

குமிழைப் பூஜ்யம் வரை திருகும்போது "டக்" என்று சத்தம் வந்து கம்ப்ரசர் நின்றால், அது பழைய முறைத் தெர்மோஸ்டாட். அதிலிருந்து மெல்லிய உலோகக் குழாய் ஒன்று பெட்டிக்குள் போகும். உள்ளே அடைத்திருக்கும் வாயு விரிந்து சுருங்கி ஒரு சுவிட்சைத் தள்ளுகிறது. கீழே சொல்லும் ஓம் சோதனைகள் (மின்தடையை அளக்கும் சோதனைகள்) அதற்குப் பொருந்தாது. குமிழ் இருந்தும் சத்தம் வரவில்லை, போர்டு இருக்கிறது என்றால் உள்ளே தெர்மிஸ்டர் இருக்கலாம்.

சென்சார் கெட்டால் என்னென்ன அறிகுறி தெரியும்?

சென்சார் எந்தப் பக்கம் தவறு செய்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி நேர்மாறாக இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தடை இருக்க வேண்டியதைவிட அதிகமாகிவிட்டது என்று வையுங்கள். போர்டு "நன்றாகக் குளிர்ந்துவிட்டது" என்று நம்பிக் கம்ப்ரசரைச் சீக்கிரம் நிறுத்திவிடும். பால் கெடும், தண்ணீர் சில்லென்று இருக்காது, ஆனால் டிஸ்ப்ளேயில் எல்லாம் சரியாகவே தெரியும். கனெக்டரில் பச்சைப் பூசணம் போலத் துரு பிடித்தாலும், வயருக்குள் இழைகள் அறுந்து முனைகள் லேசாக மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதுதான் நடக்கும்.

தடை குறைந்துவிட்டால் கதை தலைகீழ். போர்டு "இன்னும் சூடாக இருக்கிறது" என்று எண்ணிக் கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டே இருக்கும். கீழ்ப்பெட்டியில் காய்கறி உறையும், மின்கட்டணம் ஏறும். சென்சார் மணிக்குள் ஈரம் புகுந்தால் இந்த வகைக் கோளாறு வரும். பூச்சில் மயிரிழை விரிசல் விட்டாலே போதும், ஈரம் உள்ளே போய் இரண்டு முனைகளுக்கும் நடுவே மின்சாரத்துக்கு இன்னொரு வழி போட்டுவிடும்.

சில நேரம் நன்றாக, சில நேரம் மோசமாக நடந்துகொண்டால் வயர் மேலும் கனெக்டர் மேலும் சந்தேகப்படுங்கள்.

டிஸ்ப்ளே 4 டிகிரி காட்டுகிறது. அதை நம்பலாமா?

நம்ப வேண்டாம். பல ஃப்ரிட்ஜ்களில் அது நீங்கள் வைத்த அளவு, உள்ளே இருக்கும் அளவு அல்ல. உள்ளே இருப்பதையே காட்டும் மாடலாக இருந்தாலும், சந்தேகத்துக்குரிய அதே சென்சார் சொல்வதைத்தான் காட்டுகிறது.

தனியாக ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்ப்பது உதவாது, அதன் அளவுகள் உடல் சூட்டை ஒட்டித்தான் இருக்கும். சமையலுக்கோ ஃப்ரிட்ஜுக்கோ விற்பதை வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, நடுத் தட்டில் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் அளவு துள்ளும். தண்ணீர் அந்தத் துள்ளலை விழுங்கி, சராசரியைக் காட்டும். காலையில் 3 அல்லது 4 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. 5 டிகிரிக்கு மேல் போனால் உணவுக்கு ஆபத்து. ஃப்ரீசரில் உறைந்த பொட்டலங்களுக்கு நடுவே தெர்மாமீட்டரைச் செருகி வையுங்கள், அங்கே மைனஸ் 18 வாக்கில் இருக்க வேண்டும்.

எரர் கோடு வந்தால் சென்சார் போய்விட்டது என்று அர்த்தமா?

அந்த சர்க்கியூட்டில் ஏதோ அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். எல்ஜி ஃப்ரிட்ஜ்களில் "இஆர் எஃப்எஸ்" என்றால் ஃப்ரீசர் சென்சார், "இஆர் ஆர்எஸ்" என்றால் கீழ்ப்பெட்டி சென்சார், "இஆர் டிஎஸ்" என்றால் டிஃப்ராஸ்ட் சென்சார். ஆனால் கோடு சுட்டுவது சென்சார், வயர், கனெக்டர், போர்டின் உள்ளீடு எல்லாம் சேர்ந்த முழு வழியை. கனெக்டரைக் கழற்றி மீண்டும் மாட்டினாலே கோடு போய்விடுவதும் உண்டு.

இதைவிட முக்கியமான விஷயம், கோடு வரவில்லை என்பதால் சென்சார் நல்லது என்று சொல்லிவிட முடியாது. தடை நம்பவே முடியாத எல்லைக்குப் போனால்தான் போர்டு கூச்சல் போடும். நான்கைந்து டிகிரி தவறிச் சொல்லும் சென்சாரைப் போர்டு சந்தேகிக்காது. ஆள் வந்து பார்த்து "கோடு எதுவும் இல்லை, சென்சார் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவது இதனால்தான். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள், அளந்து காட்டச் சொல்லுங்கள்.

சென்சாரைத் தொடும் முன் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கதவு ரப்பர் இறுகப் பிடிக்கிறதா என்று ஒரு தாளை இடுக்கில் வைத்து இழுத்துப் பாருங்கள். பின்பக்கமோ அடியிலோ இருக்கும் கண்டென்சர் காயிலில் தூசி படர்ந்திருந்தால் துடையுங்கள். உள்ளே ஃபேன் சுழலும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

கீழ்ப்பெட்டி மட்டும் உறைகிறது, ஃப்ரீசர் சரியாக இருக்கிறது என்றால் டேம்பரையும் பாருங்கள். ஒரே காயில் உள்ள ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் குளிர்க் காற்றுதான் ஒரு சின்னக் கதவு வழியாகக் கீழே வருகிறது. அந்தக் கதவு திறந்தபடி சிக்கிக்கொண்டால், சென்சார் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் கீழே உறையத்தான் செய்யும்.

வீட்டில் செய்வது ஆபத்தில்லையா?

சென்சாரில் ஓடுவது மிகக் குறைந்த மின்னழுத்தம். ஆனால் அதே போர்டில்தான் மெயின் கரண்டும் வருகிறது. ஆகவே முதல் வேலை, சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் ப்ளக்கையே உருவிவிடுவது. இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் என்றால் ப்ளக்கை எடுத்த பிறகும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பத்து நிமிடமாவது காத்திருங்கள், அதற்குப் பிறகும் போர்டின் பாகங்களில் கை வைக்காமல் கனெக்டரை மட்டும் கழற்றுங்கள்.

ஐஸ் படிந்திருந்தால் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்திப் பெயர்க்கவே கூடாது. இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன் வாயு இருக்கிறது, அது தீப்பற்றும். அலுமினியக் குழாயில் ஒரு துளை விழுந்தால், சின்ன சென்சார் வேலைக்குப் போய் முழு ஃப்ரிட்ஜையும் இழக்க வேண்டிவரும். கதவைத் திறந்து வைத்துத் தானாக உருகவிடுங்கள்.

மல்டிமீட்டரில் எப்படி அளப்பது?

சென்சாரின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிய பிறகே அளக்க வேண்டும். மாட்டியபடி அளந்தால் போர்டில் உள்ள மற்றத் தடைகளும் சேர்ந்து கணக்கு குழம்பும்.

மீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். தானாக ரேஞ்ச் மாறாத மீட்டர் என்றால் 200 கிலோ ஓம் ரேஞ்ச் போதும், அளவு 20 கிலோ ஓமுக்குக் கீழே வந்தால் 20 கிலோ ரேஞ்சுக்கு மாற்றுங்கள். மீட்டர் வயர்களின் நுனியில் உள்ள முள்களை சென்சார் கனெக்டரின் இரண்டு முனைகளிலும் வையுங்கள். எந்த முள் எந்தப் பக்கம் என்ற கவலை வேண்டாம், தெர்மிஸ்டருக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது. கனெக்டருக்குள் முள் புகவில்லையென்றால் மெல்லிய குண்டூசியைச் செருகி அதைத் தொடலாம். இரண்டு முனைகளையும் வெறும் விரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள், உங்கள் உடலின் தடையும் அளவில் சேர்ந்துவிடும்.

மீட்டர் "ஓஎல்" என்றோ இடது ஓரத்தில் வெறும் 1 என்றோ காட்டினால், முதலில் ரேஞ்சை ஏற்றிப் பாருங்கள். அப்போதும் அதே என்றால் வழி எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட். இந்த இரண்டும் இல்லாமல் ஏதோ ஒரு எண் வந்தால், சென்சார் மணியை விரல்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். எண் நிதானமாக, தயங்காமல் இறங்க வேண்டும். விட்டதும் மெல்ல ஏற வேண்டும். நடுவில் குதித்தாலோ அசையாமல் நின்றாலோ சென்சார் சரியில்லை.

எத்தனை ஓம் இருந்தால் சரி?

மாடலைப் பொறுத்தது. ஃப்ரிட்ஜின் சர்வீஸ் தாளில் வெப்பநிலைக்கு எதிரே ஓம் போட்டு ஒரு அட்டவணை இருக்கும். கம்ப்ரசர் பக்கத்திலோ பின் மூடிக்குள்ளோ மடித்து ஒட்டியிருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

அட்டவணை கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. அதிகம் காணப்படுபவை 25 டிகிரியில் 5 கிலோ ஓம் காட்டுபவையும் 10 கிலோ ஓம் காட்டுபவையும். 0 டிகிரிக்குக் குளிர்ந்தால் இவற்றின் தடை சுமார் இரண்டரை மடங்கிலிருந்து மூன்றேகால் மடங்கு வரை ஏறும். அதாவது 5 கிலோ சென்சார் 13 முதல் 16 கிலோ ஓம் வரையும், 10 கிலோ சென்சார் 27 முதல் 33 கிலோ ஓம் வரையும் போகும். இந்த வீச்சுக்கு வெளியே விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது.

0 டிகிரியை ஒட்டி, ஒரு டிகிரி மாறினால் தடை ஏறத்தாழ 5 சதவீதம் மாறும். இந்த ஓர் எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். அட்டவணை 16 கிலோ என்று சொல்ல, உங்கள் மீட்டர் 16.5 காட்டினால் அது ஒரு டிகிரிகூடத் தவறில்லை. 19 காட்டினால் மூன்று நான்கு டிகிரி தவறு. உள்ளே 7 டிகிரி இருக்கும்போது போர்டு 4 என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

ஐஸ் தண்ணீர் சோதனை என்கிறார்களே, அது எப்படி?

என்னைக் கேட்டால் எல்லாச் சோதனைகளிலும் இதுதான் நம்பகமானது. ஐஸும் தண்ணீரும் நன்றாகக் கலந்திருக்கும்வரை அதன் வெப்பநிலை 0 டிகிரியிலேயே நிற்கும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

ஆனால் சரியாகச் செய்ய வேண்டும். தண்ணீரில் நாலு ஐஸ் கட்டி மிதக்கவிட்டால் போதாது, அடியில் தண்ணீர் 4 டிகிரி வரை இருக்கலாம். ஐஸை நன்றாக உடைத்து டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். உப்பு படக்கூடாது, உப்பு பட்டால் 0-க்குக் கீழே போய்விடும். மூன்று நிமிடம் விட்டு, சென்சார் மணியை நடுவில், அடியையோ சுவரையோ தொடாதபடி இறக்குங்கள். வயர் இணைப்புகளும் கனெக்டரும் நனையக் கூடாது. எண் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நிற்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள், நின்ற எண்தான் உங்களுக்கு வேண்டியது. அவ்வப்போது மெல்லக் கலக்கிவிடுங்கள்.

சென்சார் வயர் குட்டையாக இருக்கிறது என்று வெட்டி எடுத்துவிடாதீர்கள். மூடியைக் கழற்றி சென்சாரைக் கிளிப்பிலிருந்து விடுவித்து, டம்ளரை அதனிடம் கொண்டு போங்கள். ஒருவர் டம்ளரைப் பிடிக்க, இன்னொருவர் போர்டு பக்கக் கனெக்டரில் அளப்பது நல்ல ஏற்பாடு. அப்படிச் செய்தால் வயரும் சேர்ந்தே சோதிக்கப்பட்டுவிடும்.

அதே டம்ளரில் உங்கள் தெர்மாமீட்டரையும் போட்டுப் பாருங்கள். அது 0 காட்டாவிட்டால் எவ்வளவு தவறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் சோதனையில் சரியாக இருக்கிறது. ஆனாலும் ஃப்ரிட்ஜ் சரியில்லை. அப்புறம்?

போர்டு பக்கம் ஒரு அளவு, சென்சார் அருகில் ஒரு அளவு எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். போர்டு பக்கம் இரண்டு மூன்று கிலோ ஓம் கூடுதலாக வந்தால் நடுவில் உள்ள கனெக்டர் துருப்பிடித்திருக்கிறது. மீட்டரை மாட்டியபடியே வயரை நீளவாக்கில் ஆட்டிப் பாருங்கள், வளையும் இடங்களில் குறிப்பாக. எண் துள்ளினால் அங்கே உள்ளிழை அறுந்திருக்கிறது.

விரிசலில் ஈரம் புகுந்த சென்சார் வெளியே எடுத்துக் காயவைத்தபின் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். அதனால் உலர்ந்த நிலையில் ஒரு முறையும், ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்த பிறகு மறுபடியும் அளப்பது நல்லது. நின்ற எண் பிறகு மெல்ல இறங்கத் தொடங்கினால், ஐஸ் இன்னும் உருகாமல் இருக்கிறது என்றால், ஈரம் உள்ளே போகிறது.

சென்சாரா, போர்டா என்று எப்படி உறுதி செய்வது?

சென்சார் இடத்தில் ஒரு சாதாரண ரெசிஸ்டரை (தடை மாறாத சின்னப் பாகத்தை) வைத்துப் பார்க்கலாம். 5 கிலோ சென்சார் உள்ள ஃப்ரிட்ஜ் என்று வையுங்கள். ப்ளக்கை உருவி, கனெக்டரில் ஒரு 5 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பொருத்தி, எல்லாவற்றையும் மூடிய பின் மின்சாரம் கொடுங்கள். போர்டு இப்போது "உள்ளே 25 டிகிரி" என்று நினைக்க வேண்டும். உள் வெப்பநிலையைக் காட்டும் டிஸ்ப்ளே என்றால் ஏறத்தாழ அந்த எண் வரும், இல்லாவிட்டாலும் சில நிமிடத் தாமதத்துக்குப் பிறகு கம்ப்ரசர் ஓடத் தொடங்க வேண்டும். அப்படி நடந்தால் போர்டு சரியாகவே படிக்கிறது, குற்றம் சென்சார் பக்கம்தான். ரெசிஸ்டரை வைத்தும் எரர் கோடு போகவில்லை என்றால் அப்போது போர்டைப் பேசலாம். போர்டின் விலையோடு ஒப்பிட்டால் சென்சார் மிக மலிவு. இந்த ஒரு சோதனை இல்லாமல் போர்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

ஃப்ரீசர் நன்றாக இருக்கிறது, கீழே மட்டும் குளிர் இல்லை. இதுவும் சென்சாரா?

இருக்கலாம், ஆனால் கீழ்ப்பெட்டி சென்சாரை மட்டும் பார்த்தால் போதாது, டிஃப்ராஸ்ட் சென்சாரையும் பார்க்க வேண்டும். காயிலில் படியும் பனியை ஹீட்டர் அவ்வப்போது உருக்குகிறது. காயில் 0 டிகிரிக்கு மேலே சில டிகிரி ஏறியதும் "போதும்" என்று சொல்வது இந்த சென்சாரின் வேலை. அது முன்கூட்டியே போதும் என்று சொல்லிவிட்டால் பனி மிச்சமாகும், நாளுக்கு நாள் தடித்து, காற்று போகும் வழியை அடைத்துவிடும். ஃப்ரீசரின் பின் பலகையைக் கழற்றினால் காயில் முழுக்க வெள்ளைப் பாறையாக இருக்கும். எல்லாவற்றையும் உருகவிட்டு ஓட்டினால் சில நாள் நன்றாக ஓடி, மறுபடி அதே நிலைக்கு வந்தால் சென்சார், ஹீட்டர், ஃப்யூஸ் மூன்றையும் அளக்க வேண்டும். சில மாடல்களில் அங்கே இருப்பது தெர்மிஸ்டர் அல்ல, பைமெட்டல் சுவிட்ச். குளிரில் மூடி, சூட்டில் திறக்கும். அறை வெப்பத்தில் அளந்து "அறுந்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அவசரத்துக்கு சென்சார் வயர்களை ஒன்றாக முறுக்கி ஓட்டலாமா?

கூடாது. போர்டு அதைக் கடும் சூடு என்று எடுத்துக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். இல்லையென்றால் எரர் காட்டி நின்றுவிடும்.

புதிய சென்சார் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். 5 கிலோவும் 10 கிலோவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கனெக்டர்கூட ஒன்றாக இருக்கலாம். 5 கிலோவை எதிர்பார்க்கும் போர்டில் 10 கிலோவை மாட்டினால், 25 டிகிரியை அது 10 டிகிரி வாக்கில் படிக்கும். ஃப்ரிட்ஜ் குளிரவே குளிராது, பழி புதிய சென்சார் மேல் விழும். ஓம் அளவோடு பீட்டா எண்ணும் பொருந்த வேண்டும், தடை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைச் சொல்வது அது. மாட்டும் முன் புதியதையும் ஐஸ் டம்ளரில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வயரை வெட்டி ஒட்டவேண்டிய நிலை என்றால், இரண்டு வயர்களையும் ஒரே இடத்தில் வெட்டாமல் மேலும் கீழுமாக வெட்டுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் ஈரத்தைத் தாங்காது, கொஞ்ச நாளில் கழன்று துரு பிடிக்கும். உள்ளே பசை உள்ள, சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். குழாயைச் சுருக்கும்போது ஃப்ரிட்ஜுக்குள் நெருப்பைக் கொண்டு போகாதீர்கள்.

மாற்றியாகிவிட்டது. எப்போது பலன் தெரியும்?

ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். கதவை அதிகம் திறக்காமல் 24 மணி நேரம் ஓடவிட்டு, தண்ணீர் டம்ளர் தெர்மாமீட்டரை மறுபடி பாருங்கள். டிஃப்ராஸ்ட் சென்சாரை மாற்றியிருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பின் பலகை வழியே காயிலில் பனி மீண்டும் தடிக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். பழைய சென்சாரை அதுவரை தூக்கிப் போட வேண்டாம், அதில் அளந்த எண்களையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை யார் வந்து திறந்தாலும் அந்தத் தாள் அவர்களுக்கு வேலைக்கு ஆகும்.